பந்தைத் தொடாத ஆட்டக்காரர் தலைமை கோச் ஆன கதை

கேள்வி இதுதான்: அமெரிக்கன் ஃபுட்பாலில் லைன்மேன்கள் பந்தைத் தொடுவதே இல்லை, எதிரே நிற்பவரைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள். அப்படி ஆடிய ஒருவர் ஓய்வுபெற்ற பிறகு கோச் ஆக முடியுமா? ஆனால் அவருக்கு ஆட்டத்தைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்?

முடியும். பலர் ஆகியிருக்கிறார்கள். பொதுவாகப் பேசுவதைவிட ஒருவருடைய வாழ்க்கையைப் பின்தொடர்ந்து போனால் இது நன்றாகப் புரியும். நான் எடுத்துக்கொள்ளப் போவது ஆர்ட் ஷெல். ஓக்லண்ட் ரைடர்ஸ் அணிக்கு 15 சீசன் ஆடியவர், பிறகு அதே அணியில் லைன் கோச், பிறகு அதே அணிக்குத் தலைமை கோச். 1989-ல் அந்தப் பொறுப்புக்கு வந்தபோது, அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லின் நவீன காலத்தில் தலைமை கோச் ஆன முதல் கறுப்பினத்தவர் அவர்தான். ஏற்றமும் உண்டு, பெரிய சறுக்கலும் உண்டு. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

முதலில் லைன்மேன் செய்யும் வேலை. பந்து வைத்திருக்கும் அணியின் 11 பேரில் ஐந்து பேர் வரிசையாகக் குனிந்து நிற்பார்கள். நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டு, கார்டுகளுக்கு வெளியே டேக்கிள். சென்டர் தன் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் தள்ளியதும் ஆட்டம் தொடங்கும். அந்தப் பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக் அதை எறியப் போகிறார் என்றால், அவர்மேல் யாரும் பாயாமல் இரண்டரை, மூன்று வினாடி அரண் கட்ட வேண்டும். பந்தோடு ஒருவர் ஓடப் போகிறார் என்றால், எதிராளிகளை ஒதுக்கி அவருக்கு வழி திறந்துவிட வேண்டும். சாதாரண ஆட்ட அமைப்பில் இந்த ஐந்து பேரும் முன்னோக்கி எறிந்த பந்தைப் பிடிக்க விதியே அனுமதிக்காது. அவர்கள் பெயருக்கு எதிரே பந்தோடு முன்னேறிய யார்டும் இல்லை, புள்ளியும் இல்லை. கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் பந்தைத் தவறவிட்டால்தான் எல்லோரும் அவரைப் பார்க்கிறோம் இல்லையா, அதேபோலத்தான். அறிவிப்பாளர் ஒரு லைன்மேனின் எண்ணைச் சொல்கிறார் என்றால் பெரும்பாலும் அவர் எதிராளியைப் பிடித்து இழுத்து, அணிக்கு 10 யார்டு தண்டனை வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம்.

வெறும் உடல் பலத்தால் நடக்கிற காரியம் இல்லை இது. ஷெல் நின்ற இடமான இடது டேக்கிளையே எடுத்துக்கொள்வோம். ஒரு கை தரையில், முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ்ந்து நிற்கிறார். எதிரே இருப்பவர் ஓட்டப்பந்தயக்காரர்போல வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வரப் பார்ப்பார். பந்து அசைந்த கணத்தில் டேக்கிளின் இடது கால் சாய்வாகப் பின்னால் போக வேண்டும். வலது கால் அதைத் தொடர வேண்டும், ஆனால் இரண்டும் குறுக்கே பின்னிக்கொள்ளக் கூடாது, ஒட்டிக்கொள்ளவும் கூடாது. முதுகு நேராக இருக்க வேண்டும். தலையை முன்னால் நீட்டினால் எடை முன்னங்காலுக்குப் போய்விடும், எதிராளி கையைத் தட்டிவிட்டு உள்பக்கம் புகுந்துவிடுவார். கைகள் எதிராளியின் மார்பில் விழ வேண்டும், தோளுக்கு வெளியே போனால் தண்டனை. சீக்கிரம் கையை நீட்டினாலும் தப்பு, தாமதித்தாலும் தப்பு. இத்தனையும் பின்னோக்கிப் போய்க்கொண்டே, ஒரு ஆட்டத்தில் அறுபது எழுபது தடவை செய்ய வேண்டும். முதல் அடி அரை சாண் குறைந்தாலும் மிச்சம் எல்லாம் குலைந்துபோகும்.

அதோடு, எதிரே இருப்பவர் எங்கே நிற்கிறார், எந்தக் காலில் எடை வைத்திருக்கிறார், பக்கத்து கார்டுக்கு உதவி தேவையா, இந்தத் தடவை பந்து யார் கைக்குப் போகிறது, எந்தப் பக்கம் ஓடப்போகிறார்கள், இது எல்லாமே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பந்தைப் பிடிக்கிற ஆட்டக்காரருக்குத் தன் பாதை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. லைன்மேனுக்கு மொத்தத் திட்டமும் தெரியாவிட்டால் யாரைத் தடுப்பது என்றே தெரியாது. உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு இதுவே பதில் என்று சொல்லலாம். ஆனால் தெரிந்திருப்பது வேறு, கற்றுக்கொடுப்பது வேறு, ஒரு அணியையே நடத்துவது வேறு. ஷெல்லின் வாழ்க்கையில் இந்த மூன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன.

ஷெல் 1946 நவம்பரில் தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டனில் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். அவர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே அம்மா இறந்துவிட்டார். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் பெரும் பங்கு அவர்மேல் விழுந்தது. அந்தக் காலத்துத் தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள். அவர் படித்த பாண்ட்ஸ்-வில்சன் உயர்நிலைப் பள்ளியும் அப்படிப்பட்டதுதான். அங்கிருந்து மேரிலாண்ட் ஸ்டேட் காலேஜ் என்ற சிறிய கறுப்பினக் கல்லூரிக்குப் போனார். இன்று அதற்கு மேரிலாண்ட் ஈஸ்டர்ன் ஷோர் பல்கலைக்கழகம் என்று பெயர். அங்கே பந்து வைத்திருக்கும்போது தாக்கும் வரிசையிலும் ஆடினார், பந்து எதிரணியிடம் இருக்கும்போது தடுக்கும் வரிசையிலும் ஆடினார், பாஸ்கெட்பாலும் ஆடினார். பெரிய உடம்புக்காரர் ஒருவர் பாஸ்கெட்பால் ஆடியிருக்கிறார் என்றால் லைன் கோச்சுகளுக்கு இன்றைக்கும் கண் விரியும். பக்கவாட்டில் நகரும் கால் பழக்கம் அங்கேதான் வருகிறது.

1968-ல், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் தேர்வில், ரைடர்ஸ் அவரை மூன்றாவது சுற்றில் எடுத்தது. முதல் இரண்டு வருஷம் பெரும்பாலும் கிக் உதைக்கும்போது ஓடிப்போய் மோதுகிற கூட்டத்தில்தான் இருந்தார். 1970-ல் இடது டேக்கிள் இடம் அவருக்குக் கிடைத்தது, அதற்குப் பிறகு விடவே இல்லை. தொடக்கத்திலிருந்து தொடர்ச்சியாக 156 ஆட்டம் ஆடினார். 1979-ல் சீசனுக்கு முந்தைய ஆட்டத்தில் அடிபட்டு ஐந்து ஆட்டம் வெளியே இருந்தார், திரும்பி வந்து இன்னொரு 51. மொத்தம் 207. அந்தந்த சீசனின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ப்ரோ பவுல் ஆட்டத்துக்கு எட்டு முறை தேர்வானார்.

அவருக்கு உள்பக்கமாக, இடது கார்டாக நின்றவர் ஜீன் அப்ஷா. ஷெல்லின் சட்டையில் 78, அப்ஷாவின் சட்டையில் 63, இந்த இரண்டு எண்களும் பத்து வருஷத்துக்கு மேல் ஒட்டியே நின்றன. அப்ஷா வாய் ஓயாமல் பேசுகிறவர், ஷெல் அமைதியானவர். இரண்டு பேரும் கடைசியில் இந்த விளையாட்டின் பெரிய கௌரவமான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்கள், அப்ஷா 1987-ல், ஷெல் 1989-ல்.

இங்கே நுட்பமான விஷயம் ஒன்று உண்டு. இடது டேக்கிள்தான் குவார்ட்டர்பேக்கின் முதுகைக் காப்பவர், அதனால் லைனிலேயே அதிக மதிப்பு அவருக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். அது வலது கைக்காரருக்குச் சரி. எழுபதுகளின் பெரும்பகுதி ரைடர்ஸ் குவார்ட்டர்பேக் கென் ஸ்டேப்ளர், இடது கைக்காரர்! அவருக்கு முதுகுப் பக்கம் என்பது வலது பக்கம். அதனால் ஷெல் நின்ற பக்கம் ஸ்டேப்ளரின் கண் முன்னால் இருந்தது, ரைடர்ஸ் ஓட்டக்காரர்கள் நம்பி ஓடிய பக்கமும் அதுவே. அவருக்கு முன்னும் பின்னும் டேரில் லமோனிகா, ஜிம் ப்ளங்கெட் போன்ற வலது கைக்காரர்கள். ஒரே இடத்தில் நின்றுகொண்டே ஷெல் இரண்டு விதமான வேலையைச் செய்திருக்கிறார்.

இன்னொன்று, என் பார்வையில் அவரைக் கோச் ஆக்கியதே இதுதான். 1978-ல் விதி மாறியது. அதற்கு முன்னால் குவார்ட்டர்பேக்கைக் காக்கும்போது கையை நீட்டக் கூடாது. முஷ்டியை மார்போடு ஒட்டி, முழங்கையை மடக்கி, முன்கையாலும் தோளாலும்தான் தடுக்க வேண்டும். 1978 முதல் கையை நீட்டலாம், உள்ளங்கையை விரித்துத் தள்ளலாம் என்றார்கள். அதற்கு முந்தைய வருஷம்தான், எதிராளி லைன்மேனின் தலையில் பளாரென்று அறைந்துவிட்டுத் தாண்டிப்போகும் பழக்கத்தையும் தடை செய்திருந்தார்கள். ஷெல்லுக்கு அப்போது 11-ஆவது சீசன். பத்து வருஷமாக உடம்பில் ஏறிய பழக்கத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கையைப் புதிதாகப் பழக்க வேண்டும். அவர் செய்தார். ஒரு தொழிலை இரண்டு தடவை கற்றவருக்கு, எந்தப் பகுதி விதியால் வந்தது, எந்தப் பகுதி மாறாதது என்று பிரித்துப் பார்க்கத் தெரியும். கால் மாறவில்லை, இடுப்பு மாறவில்லை, கை மட்டும்தான் மாறியது. கற்றுக்கொடுப்பவருக்கு வேண்டிய முதல் தெளிவு இது.

ஆட்டக்காரராக அவரைப் பார்க்க வேண்டுமென்றால் 11-ஆவது சூப்பர் பவுல் போதும். லீகின் சாம்பியனை முடிவுசெய்யும் இறுதி ஆட்டம் அது. 1977 ஜனவரி 9, கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் ரோஸ் பவுல் மைதானம், எதிரே மின்னசோட்டா வைக்கிங்ஸ். ஷெல்லுக்கு எதிரே நின்றவர் ஜிம் மார்ஷல். 39 வயது, ஆனால் அதுவரை ஒரு ஆட்டம் விடாமல் ஆடி வந்தவர், லேசான உடம்பு, மின்னல் வேகம். அப்ஷாவுக்கு எதிரே ஆலன் பேஜ். ரைடர்ஸ் திரும்பத் திரும்ப இடது பக்கமே ஓடியது. அணி மொத்தம் 266 யார்டு ஓடியது, அதில் கிளாரன்ஸ் டேவிஸ் மட்டும் 137. முடிவு 32-14. ஆட்டம் முடிந்து கணக்கைப் பார்த்தால் மார்ஷல் பெயருக்கு எதிரே ஒன்றுமே இல்லை. யாரையும் பிடித்து வீழ்த்தவில்லை, வீழ்த்த உதவியதும் இல்லை, குவார்ட்டர்பேக்கைத் தொடவும் இல்லை. லைன்மேனுக்கு ஸ்கோர் கிடையாது என்று மேலே சொன்னேன் அல்லவா? எதிராளியின் வெற்றுக் கட்டம்தான் அவருடைய ஸ்கோர்.

சரி, ஆடி முடித்தார், கோச் ஆனது எப்படி?

அந்த அணியில் அதற்கு ஒரு முன்மாதிரி ஏற்கெனவே இருந்தது. ஷெல்லுக்குப் பத்து வருஷம் தலைமை கோச்சாக இருந்தவர் ஜான் மேடன். 1969-ல் 32 வயதில் பொறுப்பேற்றார். அவரும் டேக்கிளாக ஆடியவர்தான். 1958-ல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 21-ஆவது சுற்றில் எடுத்தது, முதல் பயிற்சி முகாமிலேயே முழங்கால் போய்விட்டது. சிகிச்சைக்கு வந்த நாட்களில், தனியாக உட்கார்ந்து ஃபிலிம் பார்த்துக்கொண்டிருந்த மூத்த குவார்ட்டர்பேக் நார்ம் வான் ப்ராக்ளின் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஆட்டத்தைப் படித்தார். ஒரு ஆட்டம்கூட ஆடாத அந்த லைன்மேன்தான் பிறகு 103 வெற்றி பெற்ற கோச். ஷெல்லின் கண் முன்னால் இது நடந்துகொண்டிருந்தது.

1982 சீசனோடு ஷெல் ஓய்வு பெற்றார். அந்த வருஷம்தான் அணி ஓக்லண்டை விட்டு லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போயிருந்தது. 1983-ல் அதே அணியின் கோச்சுகள் கூட்டத்தில், லைனைப் பார்த்துக்கொள்ளச் சேர்ந்தார். அதே 1983-ல் ஜீன் அப்ஷா ஆட்டக்காரர்கள் சங்கத்தின் தலைமைப் பொறுப்புக்குப் போனார். ஒட்டி நின்ற இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் எதிரெதிர் கரைக்குப் போனதைப் போல எனக்குத் தோன்றும். 1987-ல் அப்ஷா தலைமையில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அணிகள் மாற்று ஆட்களை வைத்து மூன்று வாரம் ஆடின. ஷெல் அப்போது அணி நிர்வாகத்தின் பக்கத்தில் இருந்த கோச். அந்த மூன்று வாரம் அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

லைன் கோச்சின் வேலை மற்ற கோச்சுகளின் வேலையிலிருந்து கொஞ்சம் வித்தியாசமானது. அவர் ஐந்து தனி ஆட்டக்காரர்களை உருவாக்குவதில்லை, ஐந்து பேரால் ஆன ஒரே உடம்பை உருவாக்குகிறார். நான்கு பேர் சரியாகச் செய்து ஒருவர் தவறினாலும் குவார்ட்டர்பேக் தரையில்தான் கிடப்பார். அதனால் பயிற்சியில் பாதி நேரம் கால் அடி, மீதி நேரம் பேச்சு: யார் யாரைப் பிடிப்பது, எதிராளிகள் இடம் மாறினால் கார்டும் டேக்கிளும் எப்படிக் கைமாற்றிக்கொள்வது, சென்டர் என்ன குரல் கொடுத்தால் என்ன அர்த்தம். அப்புறம் ஃபிலிம். ஒரே ஆட்டத் துண்டை ஐந்து தடவை ஓட்டுவார்கள், ஒவ்வொரு தடவையும் ஒருவரின் காலை மட்டும் பார்ப்பதற்காக. இதற்கு நிறையப் பொறுமை வேண்டும். ஷெல்லுக்கு அது இயல்பிலேயே இருந்தது.

முதல் சீசனிலேயே ரைடர்ஸ் 18-ஆவது சூப்பர் பவுலை வாஷிங்டனுக்கு எதிராக 38-9 என்று வென்றது, மார்கஸ் ஆலன் 191 யார்டு ஓடினார். ஆடியபோது இரண்டு, இப்போது கோச்சாக மூன்றாவது சாம்பியன் மோதிரம். பிறகு அணி தேயத் தொடங்கியது. 1988-ல் மைக் ஷனஹனை வெளியிலிருந்து தலைமை கோச்சாகக் கொண்டுவந்தார்கள். 1989 சீசன் 1-3 என்று, அதாவது ஒரு வெற்றி, மூன்று தோல்வி என்று தொடங்கியதும் அணி உரிமையாளர் ஆல் டேவிஸ் அவரை நீக்கிவிட்டு, அக்டோபர் 3 அன்று ஷெல்லை அந்த இடத்தில் உட்கார வைத்தார். இரண்டு மாதத்துக்கு முன்புதான் ஒஹையோவின் கேன்டனில் ஷெல்லை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்திருந்தார்கள், அவரை அறிமுகப்படுத்திப் பேசியவரும் டேவிஸ்தான்.

அப்போது ஷெல்லுக்கு 42 வயது. அவருக்கு முன்னால் இந்த லீகில் கறுப்பினத் தலைமை கோச் என்றால் ஃப்ரிட்ஸ் போலார்ட், 1921-ல் ஏக்ரன் ப்ரோஸ் அணிக்கு. இடையில் அறுபது வருஷத்துக்கு மேல் யாருமே இல்லை. 1934 முதல் 1945 வரை கறுப்பின ஆட்டக்காரர்களையே சேர்க்காத லீக் அது. இது சரித்திரம் என்று தெரியும், பெருமையாகவும் இருக்கிறது, ஆனால் தான் ஒரு ரைடர், பொருத்தமான ஆள் என்பதால்தான் தேர்வானேன் என்ற பொருளில் ஷெல் அன்று பேசினார். என் கருத்தும் அதுவே. அதே சமயம், பொருத்தமானவர்கள் அந்த அறுபது வருஷத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! லைனுக்கு வெளியே அவர்களைப் பார்க்கவே பலருக்கு மனம் வரவில்லை.

முதல் ஆட்டம் அக்டோபர் 9, திங்கட்கிழமை இரவு, நாடு முழுக்கப் பார்க்கும் நேரம். நியூயார்க் ஜெட்ஸை அவர்கள் இடத்திலேயே 14-7 என்று வென்றார்கள். அந்த சீசனின் மீதி 12 ஆட்டங்களில் 7 வெற்றி. அடுத்த வருஷம் 12-4, பிரிவில் முதலிடம். மார்கஸ் ஆலனும் போ ஜாக்சனும் ஓடிய அணி. முன்னால் சென்டராக டான் மோஸ்பார், கார்டாக ஸ்டீவ் விஸ்னியெவ்ஸ்கி. விஸ்னியெவ்ஸ்கி 1989-ல் புதிதாக வந்தவர், பிற்பாடு ஷெல்லைப் போலவே எட்டு முறை ப்ரோ பவுல் போனார். நாக்அவுட்டில் சின்சினாட்டியை 20-10 என்று வென்றார்கள், ஆனால் அந்த ஆட்டத்தில்தான் போ ஜாக்சனின் இடுப்பு போனது. அவர் பிறகு ஃபுட்பால் ஆடவே இல்லை. அடுத்த வாரம் பஃபலோவில் 51-3 என்று நொறுங்கினார்கள். இடைவேளையிலேயே 41-3. சூப்பர் பவுலுக்கு ஒரு ஆட்டம் தொலைவில் நின்றது அந்த ஒரு தடவைதான்.

அதன்பின் 9-7, 7-9, 10-6, 9-7. 1994 சீசன் முடிந்ததும் நீக்கினார்கள். மொத்தம் 54 வெற்றி, 38 தோல்வி. நூற்றுக்குக் கிட்டத்தட்ட 59 ஆட்டம் வென்ற ஒருவரை வீட்டுக்கு அனுப்பியது நியாயமில்லை என்றே நான் நினைக்கிறேன். தவறு செய்துவிட்டேன் என்று டேவிஸே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

இதற்கு அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. தலைமை கோச்சாக இருந்தவர், ஹால் ஆஃப் ஃபேம் ஆள், திரும்பப் போய் லைன் கோச்சாகச் சேர்ந்தார். முதலில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ், ஆடிய காலம் முழுக்க ரைடர்ஸின் ஜென்மப் பகையாளி. 1995-ல் அவர் போன முதல் வருஷம் சீஃப்ஸ் 13-3. 1997-ல் அட்லாண்டா ஃபால்கன்ஸ். 1998-ல் ஃபால்கன்ஸ் 14-2 என்று முடித்து, வரலாற்றில் முதல் தடவையாக சூப்பர் பவுலுக்குப் போனது. அந்த வருஷம் ஜமால் ஆண்டர்சன் 410 தடவை பந்தோடு ஓடினார், 1,846 யார்டு. ஒரு சீசனில் அத்தனை தடவை அதுவரை யாரும் ஓடியதில்லை. ஒருவர் 410 தடவை ஓட வேண்டுமென்றால், 410 தடவையும் முன்னால் ஐந்து பேர் வழி திறக்க வேண்டும். சூப்பர் பவுலில் டென்வரிடம் 34-19 என்று தோற்றார்கள். டென்வரின் தலைமை கோச் வேறு யாருமில்லை, 1989-ல் ஷெல்லுக்கு இடம் விட்டுப்போன அதே மைக் ஷனஹன்.

பிறகு சில வருஷம் லீக் அலுவலகத்தில் உயர் பொறுப்பு. 2006 பிப்ரவரியில் டேவிஸ் மறுபடி கூப்பிட்டார். அணி ஓக்லண்டுக்கே திரும்பி வந்துவிட்டிருந்தது. ஷெல் போனார். அது பெரிய சறுக்கல். 2 வெற்றி, 14 தோல்வி. முதல் ஆட்டமே சொந்த மைதானத்தில் சான் டியேகோவிடம் 27-0. சீசன் முழுக்க அணி எடுத்தது 168 புள்ளி. ஒரு லைன்மேனின் அணிக்கு நேரக்கூடாதது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: அந்த சீசனில் ரைடர்ஸ் குவார்ட்டர்பேக்குகள் 72 தடவை பந்தோடு வீழ்த்தப்பட்டார்கள். லைனுக்குப் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர் ஜாக்கி ஸ்லேட்டர், ராம்ஸ் அணிக்கு 20 சீசன் ஆடி ஹால் ஆஃப் ஃபேம் போன டேக்கிள். இரண்டு மாபெரும் டேக்கிள்கள் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, உள்ளே அரண் இடிந்து விழுந்துகொண்டிருந்தது.

ஏன் இப்படி ஆனது? இங்கேதான் உங்கள் கேள்விக்கான முழுப் பதில் இருக்கிறது. இன்று கோச் ஆகும் வழி பெரும்பாலும் இப்படிப் போகிறது: முதலில் ஃபிலிம் வெட்டி ஒட்டித் தகவல் தொகுக்கும் உதவியாளர், பிறகு உதவி லைன் கோச், பிறகு லைன் கோச், பிறகு தாக்குதல் ஒருங்கிணைப்பாளர், அதற்கு மேல் தலைமை கோச். இதில் ஒருங்கிணைப்பாளர் என்ற படி முக்கியம். அடுத்து எந்தத் திட்டத்தை ஆடுவது என்று ஒவ்வொரு தடவையும் முடிவெடுப்பவர் அவர். ஷெல் அந்தப் படியில் நிற்கவே இல்லை. லைனிலிருந்து நேரே உச்சிக்குப் போனார். அதனால் எறிதல் திட்டத்துக்கு எப்போதும் இன்னொருவரை நம்ப வேண்டியிருந்தது. 2006-ல் அதற்கு அவர் கொண்டுவந்தது டாம் வால்ஷை, பழைய ரைடர்ஸ் கூட்டாளி. ஆனால் வால்ஷ் 1994-க்குப் பிறகு இந்த லீகில் வேலையே செய்யவில்லை, ஐடஹோவில் ஒரு சிறிய விருந்தினர் விடுதி நடத்திக்கொண்டிருந்தார். இடைப்பட்ட பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ஆட்டம் எங்கேயோ போய்விட்டது. குவார்ட்டர்பேக் பந்தை நெடுநேரம் கையில் வைத்திருக்க வேண்டிய பழைய திட்டங்கள். மூன்று வினாடிக்குக் கட்டிய அரண் நான்கு வினாடி நிற்காது. சீசன் நடுவிலேயே வால்ஷிடமிருந்து அந்த வேலையை வாங்கினார்கள். இது ஷெல்லின் சொந்தத் தேர்வு, அந்தப் பிழை அவருடையது. அவர்மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் நான் இதை மறைக்க மாட்டேன். 2007 ஜனவரியில் மறுபடி நீக்கப்பட்டார்.

லைனிலேயே நின்று பெயர் எடுத்தவர்களையும் பார்க்க வேண்டும். மைக் மன்சாக் ஹூஸ்டன் ஆய்லர்ஸின் இடது கார்டு. 1982-ல் எட்டாவது ஆளாகத் தேர்வாகி, 12 சீசன் ஆடி, ஒன்பது ப்ரோ பவுல் கண்டு, 2001-ல் ஹால் ஆஃப் ஃபேம் போனவர். 1997 முதல் 2010 வரை அதே அணிக்கு லைன் கோச். அணியின் பெயர் இடையில் டென்னசி டைட்டன்ஸ் என்று மாறியது. பிறகு மூன்று சீசன் தலைமை கோச், 22-26. அதன்பின் 2014-ல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு மறுபடி லைன் கோச்சாகப் போனார். அங்கே அவர் கையில் வந்தவர் அலெஹாண்ட்ரோ வில்லனுவேவா, ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய ராணுவ ரேஞ்சர், ஆறடி ஒன்பது அங்குலம். ஃபிலடெல்ஃபியா முகாமுக்குத் தடுக்கும் வரிசை ஆட்டக்காரராக வந்து வெளியேற்றப்பட்டவர். மன்சாக் அவரை இடது டேக்கிளாக மாற்றி, கால் அடியிலிருந்து சொல்லிக்கொடுத்தார். 2017, 2018 இரண்டு வருஷமும் அவர் ப்ரோ பவுலுக்குத் தேர்வானார். வெற்றி தோல்விப் பட்டியலில் மன்சாக்குக்கு இதற்கு ஒரு புள்ளிகூடக் கிடையாது. ஆனால் லைன் கோச் என்பவர் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால், நான் முதலில் வில்லனுவேவாவின் கதையைத்தான் சொல்வேன்.

ஆண்டி ரீடும் லைன்மேன்தான். கல்லூரியோடு ஆட்டம் முடிந்துவிட்டது, ஆனால் க்ரீன் பே பேக்கர்ஸில் லைனுக்கு உதவி செய்துவிட்டு, பிறகு குவார்ட்டர்பேக்குகளின் கோச்சாக மாறிக்கொண்டார். ஷெல்லுக்குக் கிடைக்காத படி அது. சீஃப்ஸுக்குத் தலைமை கோச்சாக மூன்று சூப்பர் பவுல் வென்றிருக்கிறார்.

ஷெல் நீக்கப்பட்ட ஒரு மாதத்தில், 2007 பிப்ரவரி 4 அன்று மயாமியில் 41-ஆவது சூப்பர் பவுல் நடந்தது. இண்டியானபோலிஸுக்கு டோனி டன்ஜி, சிகாகோவுக்கு லவி ஸ்மித். இரண்டு பக்கமும் கறுப்பினத் தலைமை கோச் நின்ற முதல் சூப்பர் பவுல். 2-14 என்ற எண்ணோடு ஷெல்லின் கதையை முடிப்பவர்கள், இந்த ஆட்டத்தையும் சேர்த்து எழுதினால்தான் கணக்கு சரியாக இருக்கும்.

இந்த விளையாட்டைப் பார்க்கத் தொடங்கிய புதிதில் நானும் பந்து போகும் திசையில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் கிடைத்தால் 11-ஆவது சூப்பர் பவுலின் பதிவைத் தேடிப் பாருங்கள். ரைடர்ஸ் வெள்ளைச் சட்டையில் இருக்கும். ஸ்டேப்ளரையும் பந்தையும் விட்டுவிட்டு, இடது ஓரத்தில் 78, அவருக்கு உள்பக்கம் 63, இந்த இரண்டு பேரின் கால்களை மட்டும், பந்து கிளம்பும் பத்துத் தடவை பாருங்கள். மார்ஷல் வெளியே சுற்றப் பார்ப்பார், 78 அவர் கூடவே நகர்ந்து, அவரை மைதானத்தின் ஓரத்துக்கே அழைத்துக்கொண்டு போவார். அந்த இடைவெளியில்தான் கிளாரன்ஸ் டேவிஸ் ஓடுவார்.